நல்லிணக்கம் என்றால் எல்லோரும் ஒன்றையே சொல்வதா?

மத நல்லிணக்கக் கூட்டம் என்றாலே நம் ஊரில் ஒரு வழக்கமான காட்சி உண்டு. மேடையில் ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஓர் இமாம். மூவரும் கைகோத்து ஒரு போட்டோ. பேச வருகிறவர் யாராக இருந்தாலும் "எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கின்றன" என்று தொடங்குவார். கைதட்டல் வரும். அப்புறம் டீ, பிஸ்கட்.

அந்த மூவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, "நிஜமாகவே ஒன்றைத்தான் சொல்கின்றனவா?" என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. இயேசு கடவுளின் மகனா, இறைத்தூதர்களில் ஒருவரா, பல அவதாரங்களில் ஒன்றா? செத்த பிறகு மறுபிறவியா, தீர்ப்பு நாளா? கடவுளுக்கு உருவம் உண்டா? புத்த பிக்கு ஒருவரும் மேடையில் இருந்தால், படைத்த கடவுள் என்று ஒருவர் தேவையா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லித் தாண்டிப் போகக்கூடிய வேறுபாடுகள் இல்லை இவை.

அப்படியிருந்தும் இவர்கள் ஒரே மேடையில் மனதார உட்காருகிறார்கள். அதற்கு ஒவ்வொருவரிடமும் அவரவர் மரபு கொடுத்த காரணம் ஒன்று இருக்கிறது. ஒருவருடைய காரணத்தை இன்னொருவர் ஏற்க மாட்டார் என்பதுதான் இதில் வேடிக்கை. "எல்லாம் ஒன்றே" என்பது அந்தக் காரணங்களில் ஒன்று மட்டும். மற்றவற்றையும் தெரிந்துகொண்டால் இந்தப் பேச்சு இன்னும் சுவாரசியமாகும்.

யானையும் குருடர்களும்

நல்லிணக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டாயம் சொல்லும் கதை இது. அதன் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று பாலி மொழியில், 'உதானம்' என்ற பௌத்த நூலில் இருக்கிறது. சாவத்தி நகரில் பல சமயத் துறவிகள் கூடி, உலகம் நிலையானதா இல்லையா, உயிரும் உடலும் ஒன்றா வேறா என்று வாயாலேயே குத்திக்கொள்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட புத்தர், முன்னொரு காலத்து அரசன் ஒருவனின் கதையைச் சொல்கிறார். ஊரிலுள்ள பிறவிக் குருடர்களையெல்லாம் கூட்டிவந்து அவன் யானையைத் தடவிப் பார்க்கச் சொன்னானாம். தலையைத் தொட்டவர் பானை என்றார். காதைத் தொட்டவர் முறம் என்றார். தந்தம் ஏர்க்கொழு, உடல் குதிர், கால் தூண், வால் உலக்கை, வால்நுனி துடைப்பம். கடைசியில் கைகலப்பு. அரசன் அதைப் பார்த்து மகிழ்ந்தானாம்.

இந்தக் கதையிலிருந்து புத்தர் எடுத்த பாடம் "எல்லோர் சொல்வதும் சரிதான்" என்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களை அவர் கண்டிக்கிறார், அவ்வளவுதான். முறம், உலக்கை என்று சொன்னவர்களுக்குப் பாராட்டு எதுவும் கிடையாது. இந்த மாதிரிக் கேள்விகளில் சிக்கிக்கொண்டு கிடப்பதே வீண் என்பது பௌத்தத்தின் பொதுவான நிலை. துக்கத்துக்கு மருந்து தேடுகிறவனுக்கு உலகத்தின் வயது எதற்கு?

இதே கதை சமணர் கையில் வேறு பாடமாகிறது. சமணத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று அனேகாந்தவாதம். எந்தப் பொருளுக்கும் எண்ணற்ற தன்மைகள் உண்டு; நாம் சொல்லும் எந்த வாக்கியமும் அவற்றில் ஒரு சிலவற்றைத்தான் தொடும். அதனால் எதைச் சொன்னாலும் "ஒரு விதத்தில் பார்த்தால்" என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த முன்னொட்டுக்கு வடமொழியில் 'ஸ்யாத்' என்று பெயர், அதிலிருந்து ஸ்யாத்வாதம். குடம் ஒரு விதத்தில் இருக்கிறது (மண்ணாக), ஒரு விதத்தில் இல்லை (பொன்னாக) என்று அவர்கள் ஏழு விதமாக அடுக்கிக்கொண்டு போவார்கள். முதல்முறை படிக்கும்போது தலை சுற்றும். ஆனால் சாரம் எளிது. எதிராளி சொல்வது முழுப்பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. அவர் எங்கே நின்று பார்க்கிறார் என்று கண்டுபிடி. சமணர் பார்வையில் குருடர்கள் எல்லோரும் கொஞ்சம் சரி. "நான் சொல்வது மட்டும்தான்" என்ற அந்த 'மட்டும்'தான் தவறு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி இதை மறுபடி சொல்லும்போது குருடர்களையே எடுத்துவிடுகிறார். இருட்டு வீட்டுக்குள் யானை நிற்கிறது. கண் நன்றாகத் தெரிகிறவர்கள்தான் தடவுகிறார்கள். ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி கையில் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது என்கிறார். சூஃபி என்ற இஸ்லாமிய ஞான மரபைச் சேர்ந்த ரூமிக்குப் பிரச்சினை பார்வைக்குறை இல்லை, வெளிச்சக்குறை. வெளிச்சம் கிடைக்கும், அதைத் தேடு என்பது அவர் பாடம்.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் ஓர் இடறல் உண்டு. குருடர்கள் தடவுவது யானையைத்தான் என்று கதை சொல்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் மட்டும் முழு யானையையும் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? "உங்கள் எல்லோருக்கும் பாதிதான் தெரியும், எனக்கு முழுதும் தெரியும்" என்பது அப்படியொன்றும் பணிவான பேச்சு இல்லை. இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். இங்கிலாந்திலிருந்து 1936இல் இங்கே வந்த மிஷனரி. தமிழ் நன்றாகத் தெரிந்தவர். பிற்காலத்தில் மதுரையிலும் சென்னையிலும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்தார்.

உன் தெய்வமும் என்னுடையதுதான்

நியூபிகின் இளம்வயதில் காஞ்சிபுரத்தில் இருந்தபோது, வாரம் ஒரு மாலை அங்குள்ள ராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதங்களையும் நற்செய்திகளையும் சேர்ந்து படித்தார். மடத்தின் கூடத்தில் உலகின் பெரிய ஞானிகளின் படங்கள் வரிசையாக இருந்தன. இயேசுவின் படமும் உண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் அந்தப் படத்துக்கு வழிபாடு நடக்கும். துறவிகளுக்கு அது இயல்பான மரியாதை. ராமகிருஷ்ண பரமஹம்சரே இஸ்லாமிய, கிறிஸ்தவ வழிகளில் சாதனை செய்து பார்த்து, எல்லா வழிகளும் ஓரிடத்தில்தான் சேர்கின்றன என்று சொன்னவர். ஆனால் அந்த வழிபாட்டைப் பார்த்த நியூபிகினுக்கு, இயேசு இந்து உலகப் பார்வைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார் என்றுதான் பட்டது.

இரண்டு பக்கமும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருவர் கதவைத் திறந்து "உள்ளே வா" என்கிறார். மற்றவருக்கு, உள்ளே போனால் தன் அடையாளம் கரைந்துவிடுமே என்ற கவலை. நல்லிணக்கத்தில் வரும் மனத்தாங்கல்களில் பாதி இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

இப்படி உள்ளே இழுத்துக்கொள்ளும் பார்வைக்குத் தமிழிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் ஒரு பாட்டு:

"யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே
மாதொரு பாகனார்தாம் வருவர்"

நீ எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக உமையொரு பாகனே வந்து அருள்செய்வான். மேடைகளில் இந்த அளவோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டு அதோடு நிற்கவில்லை. மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினை செய்யும். இந்தக் குறைகள் இல்லாத சிவன்தான் உன் வழிபாட்டை அறிந்து அருள முடியும் என்று தொடர்கிறது. அதாவது, பலன் கொடுப்பது உன் சாமி இல்லை, என் சாமி. இதே நூலின் இன்னொரு பாதியான பரபக்கம், பௌத்தம், சமணம் உள்ளிட்ட பிற தத்துவங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பதற்காகவே எழுதப்பட்டது. அருணந்தியாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தாராளமும் உறுதியும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து, ஜெர்மன் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் அதே தர்க்கத்தைக் கிறிஸ்தவப் பக்கத்திலிருந்து சொன்னார். வேறு மதத்தில் இருந்துகொண்டு உண்மையாக வாழ்கிறவர், தனக்கே தெரியாமல் கிறிஸ்துவின் அருளால்தான் வாழ்கிறார். அவர் 'பெயரிடப்படாத கிறிஸ்தவர்' என்றார். ஜப்பானியத் தத்துவ அறிஞர் நிஷிதானி ஒருமுறை அவரிடம், "உங்களைப் பெயரிடப்படாத ஜென் பௌத்தர் என்று நான் சொன்னால் ஏற்பீர்களா?" என்று கேட்டாராம். உங்கள் நிலையிலிருந்து பார்த்தால் நீங்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும், அது எனக்குப் பெருமைதான் என்று ரானர் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. தான் பிறரை இழுத்துக்கொள்வது போலப் பிறர் தன்னை இழுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்துவிட்டார் மனுஷன்.

ரானர் ஆலோசகராக இருந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலக மாநாடு), 1965 அக்டோபர் 28 அன்று 'நோஸ்த்ரா எத்தாத்தே' என்ற சிறு அறிக்கையை வெளியிட்டது. ஆதரவு 2,221 வாக்கு, எதிர்ப்பு 88. பிற மதங்களில் உண்மையும் புனிதமுமாக இருப்பது எதையும் கத்தோலிக்கத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அது சொன்னது. இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பழிசொல்லக் கூடாது என்றும் சொன்னது. நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள் அந்தப் பழியால் அடிபட்டதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. அதே அறிக்கை, வழியும் உண்மையும் வாழ்வும் கிறிஸ்துவே என்று அறிவிக்கத் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாவை அடக்கு

இதுவரை பார்த்ததெல்லாம் "அவர் சொல்வது உண்மையா?" என்ற கேள்வியைச் சுற்றியது. அந்தக் கேள்வியைத் தொடாமலே நல்லிணக்கம் பேசியவர் அசோகர்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவர் வெட்டுவித்த பெரும்பாறைக் கல்வெட்டுகளில் 12ஆவது முழுக்க இதைப் பற்றியது. குஜராத்தின் கிர்நார், இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கடி போன்ற இடங்களில் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் அதன் ஒரு பகுதி கிரேக்க மொழியிலேயே கிடைத்திருக்கிறது. சுருக்கமாகச் செய்தி இதுதான். அரசன் எல்லாச் சமயத்தாரையும் தானம் கொடுத்து மதிக்கிறான். ஆனால் தானத்தைவிட அவனுக்குப் பெரிதாகப் படுவது எல்லாச் சமயங்களிலும் சாரம் வளர்வது. அதற்கு வேர் நாவடக்கம். காரணமில்லாமல் தன் சமயத்தைப் புகழாதே, பிறர் சமயத்தைத் தாழ்த்தாதே. காரணம் இருந்தாலும் அளவோடு பேசு. தன் சமயப்பற்றால் பிறர் சமயத்தை இகழ்கிறவன் கடைசியில் தன் சமயத்துக்கே அதிகக் கேடு செய்கிறான். கூடியிருப்பதே நல்லது, ஒருவர் அறத்தை மற்றவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

எல்லாச் சமயமும் ஒன்று என்று அவர் எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் பௌத்தர், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் பௌத்தர்களோடு கடுமையாக மோதிய ஆசீவகர்கள் என்ற வேறு சமயத் துறவிகளுக்கு, பீகாரின் பராபர் மலையில் மெருகேற்றிய குகைகளைக் குடைந்து தானம் கொடுத்தார். கருத்து வேறாக இருக்கட்டும்; பேசும் முறையைச் சரிசெய் என்பதுதான் அவர் கட்டளை.

மணிமேகலையின் விழாவறை காதையில் இதற்கு நெருக்கமான ஓர் அறிவிப்பு வருகிறது. இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், தத்தம் சமயப் பொருளை வாதிடுகிறவர்களைப் பட்டிமண்டபத்தில் ஏறச் சொல்கிறான். கூடவே, "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறான். பகைவரோடுகூடக் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள். ஆக, விவாதத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தார்கள், கைகலப்புக்குத்தான் தடை. சமய வாதமே கூடாது என்று அஞ்சும் இன்றைய நிலையோடு ஒப்பிட்டால், புகார் நகரம் நம்மைவிடத் தைரியமாக இருந்திருக்கிறது.

இந்த நாவடக்கத்தைச் சட்டமாக்கிய நாடு சிங்கப்பூர். 1964 ஜூலை 21 அன்று, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். அந்த நினைவு இன்னும் அங்கே அழியவில்லை. 1990இல் மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. மதங்களுக்கிடையே பகை மூட்டும்படி பேசுகிறவருக்கு, அவர் மதத் தலைவராகவே இருந்தாலும், பேசக்கூடாது என்று அரசு தடையாணை போடலாம். அமைதி நிலைத்திருக்கிறது என்பது உண்மை. எது பகை, எது நியாயமான விமர்சனம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசின் கைக்குப் போய்விட்டது என்பதும் உண்மை. அசோகரும் வெறும் உபதேசத்தோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதே 12ஆவது கல்வெட்டின் கடைசியில், இந்த வேலைக்காகவே தர்ம மகாமாத்திரர் முதலிய அதிகாரிகளை நியமித்திருப்பதாகச் சொல்கிறார்.

வேறுபாடு கடவுள் வைத்தது

"எல்லாம் ஒன்றே" என்ற பேச்சில் ஒரு முஸ்லிம் அறிஞர் சேராமல் ஒதுங்கினால், அவருக்கு நல்லிணக்கத்தில் அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அவருடைய மரபில் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 48ஆம் வசனம், அல்லாஹ் நாடியிருந்தால் உங்கள் எல்லோரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான் என்கிறது. அப்படி ஆக்கவில்லை, உங்களுக்குக் கொடுத்ததைக் கொண்டு சோதிக்கிறான். எனவே நன்மைகளில் போட்டி போடுங்கள். எதில் வேறுபட்டீர்களோ அதைக் கடைசியில் அவன் உங்களுக்கு அறிவிப்பான். இதன்படி வேறுபாடு ஒரு விபத்து இல்லை. தீர்ப்பு நம் வேலையும் இல்லை.

நடைமுறையில் இதற்கு முன்மாதிரியாக மதீனா உடன்படிக்கையைச் சொல்வார்கள். நபிகள் 622இல் மதீனாவுக்குப் போன பிறகு அங்குள்ள குலங்களோடு செய்த ஏற்பாடு. யூதருக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம், ஊருக்கு ஆபத்து வந்தால் சேர்ந்து காப்பது என்று அதில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அங்குள்ள யூதக் குலங்களோடு மோதல் வந்து உறவு முறிந்தது என்பதும் வரலாறு. பிற்கால இஸ்லாமியப் பேரரசுகளில் பிற மதத்தாருக்குப் பாதுகாப்பு இருந்தது. தனி வரியும் இருந்தது. இன்றைய சம உரிமை அளவுகோலில் அது குறைதான். அந்தக் கால ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட பாட்டோடு வைத்துப் பார்த்தால் பல இடங்களில் மேல்.

யூத மரபு இந்தக் கேள்வியைச் சிக்கலில்லாமல் கடந்துவிடுகிறது. யூதர் அல்லாதவர் யூதராக மாறத் தேவையே இல்லை. கொலை, களவு, சிலைவழிபாடு போன்றவற்றை விலக்குவது, நீதிமன்றம் அமைப்பது என்று நோவாவின் வழிவந்த எல்லோருக்கும் ஏழு கட்டளைகள் உண்டு. அவற்றைக் காக்கும் நல்லோருக்கு மறுமையில் பங்கு உண்டு. 'சிலைவழிபாடு' என்ற இடத்தில் இந்துக்களுக்கு நெருடும்தான்.

2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் சேர்ந்து கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். இறைவனை நேசிப்பது, அயலாரை நேசிப்பது, இந்த இரண்டும் நமக்குப் பொது என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்மொழிய, 2010 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை பிப்ரவரி முதல் வாரத்தை உலகச் சமய நல்லிணக்க வாரமாக அறிவித்தது. அப்போது "இறைவனை நேசிப்பது" என்பதோடு "அல்லது நன்மையை நேசிப்பது" என்றும் சேர்த்துக்கொண்டார்கள். படைத்த கடவுளை ஏற்காத பௌத்தரும் சமணரும் கையெழுத்துப் போட வழி வேண்டுமே.

சீக்கியரின் வழி

கொள்கையை விளக்குவதைவிட நடத்திக் காட்டுவதில் நம்பிக்கை வைத்த மரபு இது. சீக்கியர் கோயிலான குருத்வாராவின் லங்கரில், அதாவது பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், யார் போனாலும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே சாப்பாடு. சாதியும் மதமும் யாரும் கேட்பதில்லை.

ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675இல் டெல்லியில் ஔரங்கசீப் ஆட்சியில் கொல்லப்பட்டார். கட்டாய மதமாற்றத்துக்கு அஞ்சித் தன்னிடம் வந்த காஷ்மீர்ப் பண்டிதர்களுக்காகவே அவர் உயிர் கொடுத்தார் என்பது சீக்கிய மரபு. பண்டிதர்களின் பூணூலையும் சடங்குகளையும் சீக்கியம் தொடக்கத்திலேயே மறுத்துவிட்டது. குரு நானக் சிறுவயதில் பூணூல் போட மறுத்ததாகத்தான் கதையே. தான் நம்பாத ஒன்றை நம்பும் உரிமைக்காகச் சாவது என்பது, மேலே பார்த்த எந்தத் தத்துவத்திலும் அடங்காத ஒரு நிலை.

இன்னொன்று அவர்களுடைய புனித நூல். ஐந்தாவது குரு அர்ஜன் 1604இல் தொகுத்த அந்த நூலில் கபீர், ரவிதாஸ், நாமதேவர், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் எல்லோருடைய பாடல்களும் உண்டு. பிறர் வாக்கை மரியாதைக்காகச் சேர்த்ததாக மட்டும் இதை நினைத்துவிடக் கூடாது. ஃபரீதின் ஈரடிப் பாடல்கள் வரும் பகுதியில், குருமார்கள் மாறுபடும் இடங்களில் தங்கள் பதிலையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் ஃபரீத், என் உடல் அடுப்பாகக் காயட்டும், எலும்புகள் விறகாக எரியட்டும், கால் ஓய்ந்தால் தலையால் நடந்தாவது என் அன்பனைச் சேர்வேன் என்கிறார். அடுத்த பாட்டே நானக்குடையது. உடலை அடுப்பாகக் காய்ச்சாதே, எலும்பை விறகாக்காதே. தலையும் காலும் உனக்கு என்ன தீங்கு செய்தன? அன்பனை உனக்குள்ளேயே பார். இரண்டும் 1384ஆம் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும் குருத்வாராக்களில், ஃபரீதின் பாட்டையும் அதை மறுக்கும் பாட்டையும் அதே மரியாதையோடுதான் வாசிக்கிறார்கள்.